கேமராவுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது



‘அறிவியல் புனைகதையும் சினிமாவும்’ என்று பெரிதாகத் தலைப்பு வைத்திருந்தால் ‘மெட்ரோபோலிஸ்’ தொடங்கி ‘எந்திரன்’ வரை ஒரு பெயர்ப்பட்டியலை வாசித்துவிட்டு நான் இறங்கிவிடலாம். அதில் யாருக்கும் லாபம் இல்லை. ஆகவே ஒரே ஒரு நாவல், அதிலிருந்து பிறந்த ஒரே ஒரு படம் என்று வைத்துக்கொண்டேன். டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’. அறிவியல் புனைகதையில் சிரிப்பு என்றவுடன் உலகம் முழுக்க முதலில் நினைவுக்கு வரும் புத்தகம் அது. 2005இல் அது படமாக வந்தது. படம் நன்றாக இருந்ததா என்று கேட்டால், பாதி நன்றாக இருந்தது என்பேன். எந்தப் பாதி, ஏன் அந்தப் பாதி என்பதுதான் இன்றைய பேச்சு.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்தர் டென்ட் என்ற சாதாரண ஆங்கிலேயர். புறவழிச்சாலை போடுவதற்காக அவர் வீட்டை இடிக்க உள்ளாட்சி ஆட்கள் புல்டோசருடன் வந்து நிற்கிறார்கள். அவர் சேற்றில் படுத்து மறிக்கிறார். அன்றைக்கே, விண்வெளியில் ஒரு விரைவுச்சாலை போடுவதற்காக வோகான்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகள் பூமியையே இடித்துவிடுகிறார்கள். ஆர்தரின் நண்பர் ஃபோர்டு ப்ரிஃபெக்ட் உண்மையில் வேற்றுக்கிரகவாசி. அண்டத்தைச் சுற்றுபவர்களுக்கான ஒரு வழிகாட்டி நூலுக்குச் செய்தி சேகரிக்க வந்து பூமியில் மாட்டிக்கொண்டவர். அவர் ஆர்தரை இழுத்துக்கொண்டு வோகான் கப்பலில் தொற்றிக்கொள்கிறார். மிச்சமெல்லாம் அலைச்சல்.

இது நாவலாகப் பிறந்த கதை இல்லை. 1978 மார்ச் 8, புதன்கிழமை இரவு 10.30 மணிக்கு பிபிசி ரேடியோ 4இல் நாடகத் தொடராக ஒலிபரப்பானது. அந்த நேரத்துக்கு யார் வானொலி கேட்பார்கள் என்று நிலையத்தாருக்கே சந்தேகம் இருந்திருக்க வேண்டும். விளம்பரமும் பெரிதாக இல்லை. ஆனால் கேட்டவர்கள் விடவில்லை. அதற்கு முன் வந்த வானொலி நகைச்சுவை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அரங்கில் ஆட்களை உட்கார வைத்து, அவர்கள் சிரிப்போடு பதிவானவை. இதில் சிரிப்பொலி கிடையாது. ராக் இசைத்தட்டு ஒன்றுக்கு எவ்வளவு மெனக்கெடுவார்களோ அவ்வளவு மெனக்கெட்டு ஒலிகளை அடுக்க வேண்டும் என்பது ஆடம்ஸின் ஆசை. பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் அதைச் செய்து கொடுத்தது.

1979இல் நாவல் வந்தது. முதல் மூன்று மாதங்களில் 2,50,000 பிரதிகள் விற்றன. அதே காலத்தில் மேடை நாடகம், இசைத்தட்டு, 1981இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர், 1984இல் கணினி விளையாட்டு என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் கதை மாறியது. மாற்றியவர் பெரும்பாலும் ஆடம்ஸே. ஆகவே “படம் மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா?” என்று கேட்பவரிடம், எந்த மூலத்துக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். இந்தக் கதையைப் பொறுத்தவரை நான் அந்தக் கேள்வியையே ஒதுக்கிவைத்துவிட்டேன். சிரிப்பு வருகிறதா, எங்கிருந்து வருகிறது, இந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும்.

வானொலியில் சிரிப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கதைசொல்லியிடமிருந்து. கதைக்குள் வரும் அந்த வழிகாட்டி நூலுக்கே ஒரு குரல் உண்டு. பாத்திரங்கள் உயிருக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் குரல் கதையை நிறுத்திவிட்டு, சம்பந்தமில்லாத ஏதோ ஒரு கிரகத்தின் வழக்கத்தைப் பற்றி நிதானமாக விளக்கம் சொல்லும். பீட்டர் ஜோன்ஸ் என்ற நடிகர் அதைப் பேசினார். தான் படிப்பது வேடிக்கையானது என்பதே தெரியாதவர் மாதிரி, சற்றுக் குழம்பிய, மரியாதையான குரல். நாவலில் இந்தக் குரலின் வேலையை ஆடம்ஸின் வாக்கியங்கள் எடுத்துக்கொண்டன. அவர் வாக்கியங்களுக்கு ஒரு குணம் உண்டு: ஒரு பொருளை அது எப்படி இருக்கிறது என்று சொல்லாமல், எப்படி இல்லை என்று சொல்வார். வோகான் கப்பல்கள் வானத்தில் அசையாமல் நிற்பதை வர்ணிக்க அவர் எடுத்துக்கொண்ட உவமை செங்கல். செங்கல்லால் எது முடியாதோ அதைக் கப்பல்கள் செய்துகொண்டிருந்தன என்கிற மாதிரியான உவமை. கப்பலில் இருக்கும் பான இயந்திரம் ஆர்தருக்குத் தரும் திரவத்தையும் தேநீரிலிருந்து அது எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று அளந்துதான் சொல்வார்.

இங்கேதான் படமெடுப்பவருக்குச் சிக்கல். கேமராவால் இருப்பதைத்தான் காட்ட முடியும். இல்லாததை, ஆகாததை, ஆகியிருக்கக் கூடியதைக் காட்ட அதற்கு வழி கிடையாது. வானத்தில் கப்பல் நிற்கிறது என்றால் நிற்கிறது, அவ்வளவுதான். அந்த எதிர்மறை உவமையைப் படம் எப்படிச் சமாளித்தது தெரியுமா? கப்பல்களையே பிரம்மாண்டமான சதுரக் கட்டிகளாக, ஜன்னலோ அழகோ இல்லாத கான்கிரீட் பாளங்களாகச் செய்து மிதக்கவிட்டார்கள். வாக்கியத்தில் மறைமுகமாக இருந்த செங்கல் திரையில் நேரடியாக வந்துவிட்டது. புத்திசாலித்தனமான தீர்வுதான். ஆனாலும் வாசகன் அந்த வரியில் ஒரு நொடி தடுக்கி, பிறகு சிரிப்பானே, அந்தத் தடுக்கல் இதில் இல்லை.

ஒரு சிறிய விலகல். 1984இல் இன்ஃபோகாம் நிறுவனத்துக்காக ஆடம்ஸும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் சேர்ந்து செய்த கணினி விளையாட்டில் படமே கிடையாது, முழுக்க எழுத்து. உங்கள் கையில் என்னென்ன பொருட்கள் இருக்கின்றன என்று கேட்டால் வரும் பட்டியலில் ‘தேநீர் இல்லை’ என்பதும் ஒரு பொருளாக இருக்கும்! பின்னால் ஒரு கட்டத்தில் தேநீரும், ‘தேநீர் இல்லை’யும் ஒரே சமயத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும், அப்போதுதான் ஒரு கதவு திறக்கும். இல்லாமையை ஒரு சாமான் மாதிரி எடுத்து வைத்துக்கொள்ள எழுத்தால்தான் முடியும். 5 கோடி டாலர் செலவிட்ட படத்தால் இதைச் செய்ய முடியவில்லை, செய்ய முயலவும் இல்லை.

இதே கதைதான் ஸேஃபாட் பீபிள்ப்ராக்ஸின் இரண்டாவது தலைக்கும். அண்டத்தின் அதிபரான இவருக்கு இரண்டு தலை என்று வானொலி நாடகத்தில் போகிற போக்கில் ஒரு வரி வரும். வானொலியில் இரண்டாவது தலைக்குச் செலவு பூஜ்யம். தொலைக்காட்சிக்கு வந்தபோது நடிகரின் தோளில் ஓர் இயந்திரத் தலையைப் பொருத்தினார்கள். பாதி நேரம் அது உயிரில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. 2005 படத்தில் சாம் ராக்வெல்லின் தாடைக்குக் கீழிருந்து இரண்டாவது முகம் அவ்வப்போது பிதுங்கி வரும். தொழில்நுட்பம் சுத்தமாக இருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை. அந்த வானொலி வரியில் இருந்த அலட்சியம்தான் அந்த நகைச்சுவை என்பதை இரண்டு குழுவினருமே கவனிக்கவில்லை.

படமாவதற்கு ஏன் அத்தனை காலம் பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1982இல் படமாக்கும் உரிமை கைமாறியது. இயக்குநர் ஐவன் ரைட்மனின் குழு கொலம்பியா நிறுவனத்துக்காக எடுப்பதாக இருந்தது. 1983இல் ஆடம்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸுக்கே குடிபோய்த் திரைக்கதை எழுதினார். வாழ்க்கை, பிரபஞ்சம், எல்லாவற்றுக்குமான விடை 42 என்று கதையில் வருவது சரியான முடிவாகப் படவில்லை என்று அங்கே முணுமுணுப்பு எழுந்தது. இதற்குள் டான் அக்ராய்ட் ஒரு பேய்க் கதையோடு வர, ரைட்மன் அந்தப் பக்கம் போய்விட்டார். அதுதான் 1984இல் வந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’. பிறகு பலர் வந்து போனார்கள். 90களின் இறுதியில் டிஸ்னி சம்மதித்து, ‘ஆஸ்டின் பவர்ஸ்’ எடுத்த ஜே ரோச் இயக்குவதாகப் பேச்சு. மறுபடியும் மௌனம். டிஸ்னி அதிகாரி ஒருவருக்கு 1999இல் ஆடம்ஸ் எழுதிய கடிதம் அவர் இறந்தபின் அச்சில் வந்தது. தன்னைத் தொடர்புகொள்ள உதவும் எண்களை அதில் அடுக்கிக்கொண்டே போகிறார். வீடு, அலுவலகம், உறவினர், உணவகங்கள் என்று போய்ப் பக்கத்து மளிகை அங்காடியையும் சேர்த்துவிடுகிறார். அங்கே கூப்பிட்டால் ஒலிபெருக்கியில் அழைப்பார்களாம். ஹாலிவுட்டில் படம் எடுப்பது, ஆட்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வந்து மூச்சு விட்டுவிட்டுப் போக, அந்தச் சூட்டிலேயே ஓர் இறைச்சித் துண்டை வேகவைக்கப் பார்ப்பது போல என்று சொன்னவரும் அவர்தான். 2001 மே 11 அன்று கலிஃபோர்னியாவில் உடற்பயிற்சி செய்தபோது மாரடைப்பில் இறந்தார். வயது 49. படம் அப்போதும் தொடங்கவில்லை.

அவர் விட்டுச்சென்ற கடைசித் திரைக்கதை வரைவை எடுத்துக்கொண்டு ‘சிக்கன் ரன்’ எழுதியவர்களில் ஒருவரான கேரி கர்க்பேட்ரிக் முடித்துக் கொடுத்தார். இயக்கியவர் கார்த் ஜென்னிங்ஸ். ஹேமர் அண்ட் டாங்ஸ் என்ற பெயரில் இசை வீடியோக்கள் எடுத்துக்கொண்டிருந்தவர், அதற்குமுன் முழுநீளப் படம் எடுத்ததில்லை. இசை வீடியோக்காரரிடம் இதைக் கொடுத்தது சரியான முடிவு என்பது என் அபிப்பிராயம். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

திரைக்கதையின் பெரிய தலைவலி இந்த நாவலுக்கு முடிவு கிடையாது என்பது. கெடு தாண்டிக்கொண்டே போனதால், எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தை முடித்துக் கொடுத்தால் போதும் என்று பதிப்பகத்தார் ஆளனுப்பி வாங்கிக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நாவலைப் படித்தால் அந்தக் கதையை நம்பத் தோன்றும். அடுத்து எங்கேயாவது சாப்பிடப் போகலாம் என்கிற இடத்தில் அது நின்றுவிடுகிறது. அதைவிடப் பெரிய சங்கடம், ஆர்தர் எதையும் விரும்புவதில்லை, தேநீரைத் தவிர. ஹாலிவுட் கதாநாயகன் ஏதாவது ஒன்றைத் தேடிப் போயாக வேண்டும், முடிவில் கொஞ்சமாவது மாறியிருக்க வேண்டும். ஆர்தர் தன்போக்கில் இழுபட்டுப் போகிறவர். அவர் மாறினால் நகைச்சுவை போய்விடும்.

படம் அவரை மாற்றியது. ட்ரில்லியன் என்ற பெண் மீது ஒருதலைக் காதல், அவளை வோகான்கள் பிடித்துப்போக அவர் காப்பாற்றப் போகிறார், கடைசியில் கைகோத்துப் புறப்படுகிறார்கள். விசிறிகள் பலர் டிஸ்னியைத் திட்டினார்கள். இதில் ஒரு விஷயம் அவர்களுக்குத் தெரிய வேண்டும்: ஜான் மால்கோவிச் நடித்த ஹும்மா கவுலா பாத்திரமும், யார்மீது சுட்டாலும் அவர் சுடுபவரின் கண்ணோட்டத்தில் உலகைப் பார்க்கத் தொடங்கிவிடும் அந்தத் துப்பாக்கியும் ஆடம்ஸ் தாமே திரைக்காகக் கண்டுபிடித்தவை. ஆர்தர் - ட்ரில்லியன் உறவை வளர்க்கவும் அவரே முயன்றார். ஆக, ஸ்டுடியோ வந்து கெடுத்தது என்ற வழக்கமான புலம்பல் இங்கே பாதிதான் செல்லும். ஆனாலும் காதல் பகுதி எனக்குச் சப்பென்றிருந்தது. மார்ட்டின் ஃப்ரீமன் நல்ல நடிகர். எரிச்சலை அடக்கிக்கொண்டு நிற்கும் ஆங்கிலேயர் முகம் அவருக்கு அப்படிப் பொருந்தும். அந்த முகத்துக்குக் காதல் வசனம் கொடுத்திருக்க வேண்டாம்.

எனக்கு அதைவிட மனத்தாங்கல் ஒரு சிறிய வெட்டில்தான். நாவலின் ஆரம்பத்தில், வீட்டை இடிக்கும் திட்டம் முறைப்படி பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது என்கிறார் அதிகாரி. எங்கே வைத்திருந்தார்கள் என்று ஆர்தர் சொல்லத் தொடங்குகிறார். நிலவறையில். விளக்கு இல்லை. படிக்கட்டும் இல்லை. பூட்டிய அலமாரியின் அடியில். அந்த அலமாரி ஒரு பாழடைந்த கழிப்பறைக்குள். அந்தக் கழிப்பறைக் கதவில், உள்ளே சிறுத்தை இருக்கிறது ஜாக்கிரதை என்று பலகை. நில ஆர்ஜித அறிவிப்பை எந்த அலுவலகத்தின் எந்தப் பலகையில் ஒட்டினார்கள் என்று தேடி அலைந்தவர்கள் இந்த அவையில் இருந்தால் அவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. படத்தில் ஆர்தர் நிலவறைக்குப் போனது வரை வருகிறது. சிறுத்தையைக் காணோம். நேரத்தை மிச்சப்படுத்த வெட்டியிருப்பார்கள். சில வினாடிதான் மிச்சமாகியிருக்கும். படி ஏறி ஏறிக் கடைசிப் படியில் வெடிக்க வேண்டிய நகைச்சுவையை முதல் படியிலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு வோகான்கள் வந்து, பூமியை இடிக்கும் திட்டம் ஆல்ஃபா செண்டாரியில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்ததே என்று கேட்கும்போது, முதல் நகைச்சுவையின் எதிரொலியாக ஒலிக்க வேண்டியது தனியாக நின்றுவிடுகிறது. ஆடம்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எம். ஜே. சிம்ப்சன் படத்தைக் கிழித்து எழுதினார். அவர் கோபத்தின் பெரும்பகுதி இப்படிப்பட்ட வெட்டுகள் மேல்தான். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

நன்றாக இருந்த பாதிக்கு வருகிறேன். வாக்கியத்தை நகல் எடுக்காமல், படத்துக்கென்று புதிய நகைச்சுவையைக் கண்டுபிடித்த இடங்களிலெல்லாம் படம் எழுந்து நிற்கிறது. வோகான்களின் கிரகத்தில் யாராவது ஒரு யோசனை சொல்ல வாயெடுத்தால் போதும், மண்ணிலிருந்து மட்டை மாதிரி ஒன்று எழும்பி முகத்தில் பளார் என்று அறையும். நாவலில் இது இல்லை. வோகான்கள் ஏன் யோசிக்காத அதிகார வர்க்கமாக ஆனார்கள் என்பதற்கு இரண்டு பக்க விளக்கம் எழுத வேண்டியதை ஓர் அறை சொல்லிவிடுகிறது. அந்த வோகான்களையும் கணினியில் வரையாமல் ஜிம் ஹென்சன் பட்டறையில் பொம்மையுடல்களாகச் செய்தார்கள். அந்தத் தொப்பை குலுங்குவதில் ஒரு கனம் இருக்கிறது. நடக்கவே முடியாததை நடத்திக்காட்டும் இயந்திரத்தைக் கப்பலில் முடுக்கும்போது எல்லோரும் கம்பளி நூல் பொம்மைகளாக மாறிவிடுவார்கள்; ஆர்தர் நூலாகவே வாந்தி எடுப்பார். மூன்று நிமிடத்துக்குள் ஓர் எண்ணத்தைக் காட்சியாக்கிப் பழகிய இசை வீடியோக்காரருக்குத்தான் இது வரும். படத்தின் தொடக்கத்தில் டால்ஃபின்கள் பூமியிடம் விடைபெறும் பாட்டும் அப்படியே. நாவலில் அது ஒரு தகவல்; திரையில் கோலாகலமான கோரஸ்.

வழிகாட்டி நூலின் விளக்கங்களைத் தட்டையான, எளிய வண்ணச் சித்திரங்களாக ஷைனோலா குழுவினர் செய்திருந்ததும் நல்ல வேலை. 1981 தொலைக்காட்சித் தொடரிலும் இந்தப் பகுதிதான் சிறப்பு. அன்றைய கணினிகளுக்கு அவ்வளவு திறன் இல்லாததால் ராட் லார்டின் குழு அத்தனையையும் கையால் வரைந்து, கணினித் திரை மாதிரித் தெரியச் செய்தது. பார்த்தவர்கள் கணினி என்றே நம்பினார்கள். குரலுக்கு 2005இல் ஆடம்ஸின் நண்பர் ஸ்டீஃபன் ஃப்ரை. இனிமையாகத்தான் பேசுகிறார், ஆனால் வேடிக்கை வரப்போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. பீட்டர் ஜோன்ஸுக்குத் தெரியாது.

வாக்கியத்தில் இருக்கும் சிரிப்பைத் திரைக்குக் கொண்டுவரும் இந்தச் சிக்கலை மற்றவர்கள் எப்படிக் கையாண்டார்கள்? கர்ட் வானகட்டின் ‘ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்’ நாவலை 1972இல் ஜார்ஜ் ராய் ஹில் படமாக்கியபோது கதைசொல்லியையே நீக்கிவிட்டார். நாவலில் ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் ஒரு சிறு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும், நூறு முறைக்கு மேல். படத்தில் ஒருமுறைகூட இல்லை. காலத்தில் முன்னும் பின்னும் தாவும் நாயகனை எடிட்டிங்கிலேயே தாவவிட்டார். கான் விழாவில் நடுவர் குழுப் பரிசு கிடைத்தது, வானகட்டும் மனதாரப் பாராட்டினார். கௌரவமான படம். கசந்த சிரிப்பு மட்டும் பெருமளவு வடிந்துவிட்டது. ஆண்டி வியரின் ‘தி மார்ஷியன்’ தப்பித்தது எப்படி என்றால், நாயகனின் கிண்டலெல்லாம் நாட்குறிப்பில் இருந்தது. நாட்குறிப்பைக் கேமராவைப் பார்த்துப் பேசும் வீடியோ பதிவாக்கிவிட்டால் குரல் அப்படியே வந்துவிடுகிறது. 2016இல் கோல்டன் குளோபில் அதற்கு நகைச்சுவைப் படப் பிரிவில் விருது கொடுத்தபோது கேலி செய்தவர்கள் உண்டு. நான் கேலி செய்ய மாட்டேன். குப்ரிக்கோ எதிர்த்திசையில் போனவர். பீட்டர் ஜார்ஜின் இறுக்கமான அணு ஆயுத நாவலை எடுத்துக்கொண்டு ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ ஆக்கினார். சீரியசான கதையிலிருந்து சிரிப்பை எடுப்பதில் ஒரு வசதி உண்டு: காப்பாற்ற வேண்டிய வாக்கியம் என்று எதுவும் அங்கே இருக்காது.

சிரிப்பு குரலில்தான் இருக்கிறது என்பதற்கு நம்மிடமும் ஒரு சாட்சி உண்டு, ஜீனோ. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது அந்த இயந்திர நாயை வாசகர்கள் கொண்டாடினார்கள். பிறகு தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. கொண்டாடியது நாயின் உருவத்தையா? சுஜாதா அதன் வாயில் வைத்த பேச்சைத்தான். ஜீனோவைத் திரையில் மறுபடி கொண்டுவர நினைப்பவர்கள் நாயைக் கணினியில் எவ்வளவு தத்ரூபமாக வரையலாம் என்று யோசிப்பதற்கு முன், அது யார் குரலில், எந்த வேகத்தில், எவ்வளவு அலட்சியமாகப் பேசும் என்று முடிவு செய்துகொள்ளட்டும்.

‘ஹிட்ச்ஹைக்கர்ஸ்’ படம் அமெரிக்காவில் வெளியான முதல் வாரக்கடைசியில் வசூலில் முதலிடத்தில் இருந்தது. உலகம் முழுவதும் சுமார் 10 கோடி டாலர் ஈட்டியது. கடைசிக் காட்சியில் எல்லோரும் அண்டத்தின் கோடியில் இருக்கும் உணவகத்துக்குக் கிளம்புகிறார்கள். அந்த அடுத்த படம் இன்றுவரை வரவில்லை. வானொலித் தொடர் அப்படி நிற்கவில்லை. டர்க் மேக்ஸ் இயக்கத்தில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் புதிய பாகங்கள் வந்தன. முதல் ஒலிபரப்பு நடந்து சரியாக 40 ஆண்டுகள் ஆன 2018 மார்ச் 8 அன்று இன்னொரு பாகம் தொடங்கியது. ஆர்தராகப் பேசியவர் 1978இல் பேசிய அதே சைமன் ஜோன்ஸ்.

படத்தை ஏற்கெனவே பார்த்தவர்களிடமும், இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றுதான். முதல் வானொலித் தொடரின் ஆறு பகுதிகளையும் இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். அதன் பிறகு படத்தைத் திட்டுவதானால் தாராளமாகத் திட்டலாம். எதற்காகத் திட்டுகிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.